கீசர்ல லைட்டு எரியுது, தண்ணி சுட மாட்டேங்குது, குழாயத் தொட்டா சுருக்குங்குது

கேள்வி: அண்ணா, நாங்க பல்லடம் பக்கத்துல தோட்டத்துல குடியிருக்கறமுங்க. 15 லிட்டர் கீசர், 2000 வாட்ஸ்னு போட்டிருக்குது, வாங்கி 4 வருசம் ஆச்சு, போர் தண்ணிதான் போகுது. ஒரு வருசமாவே உள்ள கடமுடன்னு சத்தம் வரும், சூடாக நேரமும் சாஸ்தி ஆகிட்டே வந்துச்சு. போன மாசம் மெயின் போர்டுல இருக்கற ட்ரிப்பர் அடிக்கடி விழுந்துட்டே இருந்துச்சு, எலக்ட்ரீசியன் வந்து கீசருக்கு மட்டும் ட்ரிப்பர்ல சேராம தனியா லைன் இழுத்துக் குடுத்துட்டாரு. அப்பறம் விழுகல, ஆனா கொஞ்ச நாள்ல தண்ணி சுடறதே நின்னு போச்சு, லைட்டு மட்டும் எரியுது. ஒருத்தர் தெர்மோஸ்டாட் போச்சுங்கறாரு, ஒருத்தர் கம்முனு புதுசு வாங்கிருங்கங்கறாரு. மாமனாருக்கு 78 வயசு, வெடியால சுடுதண்ணி இல்லாம தண்ணி வாத்துக்க மாட்டாரு. இன்ஸ்டன்ட் கீசர் வாங்கிட்டா இந்தத் தொந்தரவு இருக்காதுங்களா? அப்பறம் ஈரக்கையோட குழாயத் தொட்டா லேசா சுருக்குங்குது, அது ஈரத்துனாலதானுங்களா?

பதில்: அம்மிணி, இத முழுசாப் படிக்கறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போயி அந்தக் கீசர் லைன ஆஃப் பண்ணிட்டு வாங்க. கால்ல செருப்பு போட்டுக்கங்க, கை காஞ்சிருக்கோணும், மொதல்ல போர்டுல எம்சிபிய, அதாவது அந்த லைனுக்குன்னு இருக்கற சேப்டி சுவிட்ச, எறக்கிட்டு அப்பறம் ப்ளக்கப் புடுங்குங்க. கீசர் சுவிட்ச மட்டும் ஆஃப் பண்ணுனாப் பத்தாதுங்க, ஏன்னா புதுசா லைன் இழுத்தவரு பேசையும் (கரண்ட் வார வயரு) நியூட்ரலையும் (திரும்பிப் போற வயரு) மாத்திக் குடுத்திருந்தாருன்னா சுவிட்ச் ஆஃப்ல இருக்கறப்பவும் கீசருக்குள்ள பேஸ் நின்னுட்டுத்தான் இருக்கும். ப்ளக்கே இல்லாம வயர நேரா முறுக்கி உட்டிருந்தா மெயின ஆஃப் பண்ணிப்போட்டு, வேலை தெரிஞ்ச ஆளக் கூப்புட்டு அந்த வயரக் கழட்டி டேப் சுத்தச் சொல்லுங்க. அது வரைக்கும் அந்த பாத்ரூம் குழாய யாரும் தொட வேண்டாம், அதே சுடுதண்ணி லைன் சமையக்கட்டுக்கும் போகுதுன்னா அந்தக் குழாயும் சேத்தித்தான்.

ஈரத்துனால இல்லீங்க. ஈரக்கைல கரண்ட் சுளுவாப் போகும்ங்கறது நெசம்தான், ஆனா குழாய்க்கு கரண்ட் எங்கிருந்தாவது வந்தாத்தானே கைக்குப் போகும். இன்னைக்கு லேசாத்தான் இருக்குதுன்னு உட்டுறக் கூடாது, உங்க மாமனாரு வெறுங்கால்ல ஈரத்தரைல நின்னுட்டு உடம்பெல்லாம் நனைஞ்சு குழாயத் திருகறப்ப அதே சுருக்கு அதே அளவுலதான் இருக்கும்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது.

நீங்க தண்ணி சுடலைங்கறத ஒரு பிரச்சினையாவும், ட்ரிப்பர் விழுந்தத இன்னொரு பிரச்சினையாவும், சுருக்குங்கறத கடைசில சும்மா ஒரு சந்தேகமாவும் எழுதியிருக்கறீங்க. எனக்கு இது மூணும் ஒரே சீக்காத்தான் தெரியுது. எலிமெண்ட் ஒடஞ்சிருக்கு. எப்படிச் சொல்றன்னு கேளுங்க.

கீசர் எலிமெண்டுங்கறது, நம்ம மெக்கானிக்குக காயில்னு சொல்லுவாங்க, வெளிய பாத்தா வளைஞ்ச ஒரு லோகக் குழாய், செம்புல இருக்கும் இல்லாட்டி இன்கோலாய்ங்கற நிக்கல் குரோமியம் கலந்த லோகத்துல இருக்கும். நெசமா சூடாகறது அதுக்குள்ள ஓடற மெல்லிசு நிக்ரோம் கம்பிச் சுருள். கம்பிக்கும் குழாய்க்கும் நடுவுல வெள்ளையா ஒரு பொடி, மெக்னீசியம் ஆக்சைடு, இறுக்கமா அடைச்சிருப்பாங்க, அந்தப் பொடி சூட்ட உடும் கரண்ட உடாது. இப்ப உங்க போர் தண்ணில கரைஞ்சிருக்கற சுண்ணாம்பு உப்பு, சூடு பட்டா கரைஞ்சு நிக்க முடியாம எங்க சூடு அதிகமோ அங்கயே போயி ஒட்டிக்கும், அதாவது எலிமெண்ட் மேலயே. மாசக்கணக்குல அது கெட்டியா ஓடு கட்டிருச்சுன்னா சூடு வெளிய தண்ணிக்குப் போக முடியாம குழாய் அளவுக்கு மீறிக் காயும். நீங்க ஒரு வருசமாக் கேட்ட கடமுடச் சத்தம் அதுதானுங்க, அந்த ஓட்டுக்கு அடில மாட்டிக்கிட்ட தண்ணி கொதிச்சு வெடிக்கற சத்தம்.

அப்படிக் காஞ்சு காஞ்சு ஒரு நாள் குழாய்ல மயிர்க்கோடாட்ட ஒரு விரிசல் உழும். தண்ணி உள்ள போயி பொடி நனையும், கரண்ட் பொடி வழியாத் தண்ணிக்குக் கசிய ஆரம்பிக்கும். போன மாசம் ட்ரிப்பர் விழுந்துட்டே இருந்துச்சே, அது இந்தக் கட்டமுங்க. ஆர்சிசிபின்னு சொல்ற அந்த ட்ரிப்பர் போற கரண்டும் திரும்பி வார கரண்டும் சமமா இருக்குதான்னு பாத்துட்டே இருக்கும், ஊட்டுக்குப் போடறது 30 மில்லி ஆம்பு, அதாவது ஒரு ஆம்புல நூத்துல மூணு பங்கு வேற வழில போச்சுன்னாவே விழுந்துரும். உங்க ட்ரிப்பர் சரியாத்தான் வேலை செஞ்சிருக்குது. அதத் தாண்டித் தனி லைன் இழுத்தது, திருடன் வந்தான்னு நாய் கொலைச்சா தூக்கம் கெடுதுன்னு நாயத் தொரத்தி உட்ட கதை. வயர்மேன முழுசாக் கோவிச்சுக்கவும் முடியலீங்க, எத்தனையோ ஊட்டுல ஊட்டுக்காரங்களே அந்தத் தொல்லைய எடுத்து உட்டுட்டுப் போங்கன்னுதான் நிக்கறாங்க.

தனி லைன்ல எம்சிபி இருக்குதேன்னு நெனைக்காதீங்க. 2000 வாட்ஸ் கீசர் 230 வோல்ட்ல எடுக்கறது 8.7 ஆம்பு, அதுக்குப் போடற எம்சிபி 16 இல்லாட்டி 20 ஆம்பு, அது வயர் எரியாம இருக்கறதுக்குப் போட்டது. ஆளக் கொல்ற அளவுக் கசிவெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல, அசையாது.

அடுத்த கட்டம், உள்ள போன தண்ணில கம்பிச் சுருள் இத்துப்போயி அறுந்திருக்கும், அதோட சுடறது நின்னுச்சு. ஆனா லைட்டு ஏன் எரியுதுன்னு கேப்பீங்க. நெறைய மாடல்ல ஹீட்டிங் லைட்டு எலிமெண்டுக்குப் பக்கவாட்டுல சேத்தித்தான் குடுத்திருப்பாங்க, தெர்மோஸ்டாட்டத் தாண்டி கரண்ட் வந்துட்டாவே லைட்டு எரியும், எலிமெண்ட் உசுரோட இருக்குதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. அதனால தெர்மோஸ்டாட்டுன்னு சொன்னவரு சொன்னது எனக்கு ஒத்து வரல, தெர்மோஸ்டாட் போயிருந்தா லைட்டும் சேந்து போயிருக்கோணும். அறுந்த கம்பியோட பேஸ் பக்கத்து முனை மட்டும் இன்னும் அந்த விரிசல் வழியாத் தண்ணியத் தொட்டுட்டு இருக்குது, அதனாலதான் சுடவும் மாட்டேங்குது, குழாயும் சுருக்குங்குது. ரெண்டும் சேந்து வந்துச்சுன்னா நான் மொதல்ல எலிமெண்டத்தான் கழட்டுவேன்.

இதுல இன்னொரு கோளாறும் ஒளிஞ்சிருக்குதுங்க. எர்த்து ஒழுங்கா இருந்திருந்தா கசிஞ்ச கரண்ட் டேங்கு வழியா எர்த்துக்கு எறங்கியிருக்கும், குழாய்க்கு வந்திருக்காது. வந்திருக்குதுன்னா உங்க கீசருக்கு எர்த்து இல்ல, இல்லாட்டி பேருக்குத்தான் இருக்குது. புது லைன் இழுத்தப்ப ரெண்டு வயர் மட்டும் இழுத்துட்டு எர்த்து வயர உட்டுட்டாங்களான்னு மொதல்ல பாருங்க, எனக்கு அந்தச் சந்தேகம்தான் பலமா இருக்குது. அந்தக் காலத்துல சொவுத்துக்குள்ள ஜிஐ பைப்பு ஓடும், அதுவே ஒரு மாதிரி எர்த்தாட்ட வேலை செஞ்சுட்டு இருந்துச்சு, இப்ப எல்லாம் சிபிவிசி, ப்ளாஸ்டிக்கு, கரண்டுக்கு வேற வழி இல்லாம பைப்புக்குள்ள இருக்கற தண்ணி வழியாவே குழாய் வரைக்கும் வரும். போர் தண்ணில உப்பு சாஸ்தி, உப்பு சாஸ்தியான தண்ணில கரண்டும் நல்லாப் போகும்.

எர்த்துக் குழியையும் பாத்துருங்க. நம்ம பக்கம் சித்திரை வைகாசில மண்ணு கல்லாட்டக் காஞ்சு கெடக்கும், அப்ப எர்த்து குழி வெறும் குழிதான், மாசத்துக்கு நாலு தடவ ரெண்டு கொடம் தண்ணி ஊத்தோணும், மேல இருக்கற கம்பி துருப்புடிச்சு நட்டு லூசா இருக்குதான்னும் பாக்கோணும். இன்னொண்ணு, சில பேரு எர்த்து இல்லாத எடத்துல சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரல்ல இருந்து ஒரு துண்டு வயரப் புடிச்சு எர்த்துப் பின்னுல குடுத்துட்டுப் போயிருவாங்க, டெஸ்டிங் பல்பு வெச்சுப் பாத்தா ஜோரா எரியும். எப்பவாவது நியூட்ரல் அறுந்துச்சுன்னா கீசர் பாடி முழுக்க பேஸ் வந்து நிக்கும். உங்க ஊட்டுல அப்படி இருந்தா அன்னைக்கே எடுக்கச் சொல்லுங்க.

ஆளு வந்தா என்ன பாக்கச் சொல்லோணும்னு சொல்றேன். கரண்ட எடுத்துட்டு எலிமெண்டோட ரெண்டு முனைல இருந்தும் வயரக் கழட்டிட்டு மல்டிமீட்டர்ல ஓம்ஸ், அதாவது கம்பியோட மின்தடை, பாக்கச் சொல்லுங்க. 2000 வாட்ஸ்க்கு 26 ஓம்ஸ் பக்கம் காட்டோணும், எதுவுமே காட்டலைன்னா அறுந்திருச்சு. அப்பறம் ஒரு முனைக்கும் கீசர் பாடிக்கும் நடுவுல பாக்கோணும், அதுல எதுவும் காட்டக் கூடாது. ஆனா சின்ன பேட்டரில ஓடற மல்டிமீட்டருக்கு லேசான கசிவு தெரியாமப் போயிரும், அதனால முடிஞ்சா 500 வோல்ட் மெக்கர், அதாவது அதிக வோல்ட் குடுத்துக் கசிவு பாக்கற மீட்டர், வெச்சிருக்கற ஆளாப் பாத்துக் கூப்புடுங்க. மெக்கர்ல கம்மியாக் காட்டுச்சுன்னா அறுந்திருந்தாலும் அறுகாட்டியும் அந்த எலிமெண்ட் குப்பைக்குத்தான். நான் எழுதுனது தப்பா சரியான்னும் இந்த ரெண்டு ரீடிங்குலயே தெரிஞ்சு போகும்.

வேலை செய்யற வரிசையும் முக்கியமுங்க. மொதல்ல எர்த்து, அப்பறம் கீசர் லைன மறுபடி ட்ரிப்பருக்குக் கீழ கொண்டு வாரது, கடைசிலதான் எலிமெண்ட். எலிமெண்ட மட்டும் மாத்திக் குடுத்துட்டுப் போயிட்டா நாளைக்கே சுடுதண்ணி வரும், நீங்களும் சந்தோசமா இருப்பீங்க, அடுத்த எலிமெண்ட் விரிசல் உட்டா மறுபடி குழாய்ல கரண்ட். எல்லாம் முடிஞ்சப்பறம் ட்ரிப்பர்ல இருக்கற டெஸ்ட் பட்டன ஒருக்கா அமுக்கிப் பாருங்க, டக்குனு விழுகோணும், மாசம் ஒருக்கா இதப் பண்ணிட்டே இருங்க.

புதுசு வாங்குங்கன்னு சொன்னவருக்கு என்ன அவசரம்னு தெரியல. டேங்கு ஓட்டையா இல்லையாங்கறதுதான் கேள்வி. கீசர் அடில துரு தண்ணி சொட்டுதா, கேஸ்கெட் பக்கம் இல்லாம வேற எங்கிருந்தாவது கசியுதான்னு பாருங்க. டேங்கு ஓட்டைன்னா அதுக்கு வைத்தியம் இல்ல, புதுசுதான். ஓட்டை இல்லைன்னா எலிமெண்டும் கேஸ்கெட்டும் சுமாரா புது கீசர் விலைல பத்துல ஒரு பங்குதான் வரும். மாத்தறதுக்கு முன்னாடி வாரண்டி கார்டையும் எடுத்துப் பாத்துருங்க, டேங்குக்கு ஒரு கணக்கு எலிமெண்டுக்கு ஒரு கணக்குன்னு தனித்தனியாப் போட்டிருப்பாங்க.

எலிமெண்ட் வாங்கறப்ப அதே வாட்ஸ்ல வாங்குங்க, சீக்கிரம் சுடட்டும்னு 3000 போட்டுறாதீங்க, தெர்மோஸ்டாட்டும் சாக்கெட்டும் வயரும் அதுக்குத் தாங்குமான்னு யாரும் பாக்க மாட்டாங்க. போர் தண்ணிக்குச் செம்பு எலிமெண்ட உட இன்கோலாய் நின்னு உழைக்கும், ஆனா அதுலயும் உப்பு படியாம இருக்காது. கழட்டற அன்னைக்கே ஆனோடு ராடையும் வெளிய எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. மெக்னீசியத்துல ஒரு குச்சி அது, டேங்குக்குப் பதிலா தான் அரிச்சுப் போறதுக்குன்னே வெச்சது. 4 வருசமா யாரும் தொடலைன்னா வெறும் கம்பிதான் மிச்சம் இருக்கும், அது தீந்தப்பறம் தண்ணி டேங்கத்தான் திங்க ஆரம்பிக்கும். எத்தனையோ நல்ல டேங்கு இந்த ஒரு குச்சி மாத்தாமத்தான் ஓட்டையாகுது, இத எந்தக் கடைக்காரரும் விக்கறப்பச் சொல்றதில்ல.

உள்ள கொட்டியிருக்கற சுண்ணாம்ப கையில அள்ளி எடுக்கலாம், ஒட்டியிருக்கறத சிட்ரிக் ஆசிட் கரைச்ச தண்ணில இல்லாட்டி வினிகர்ல ராத்திரி பூரா ஊற உட்டாக் கரையும். உளி வெச்சுத் தட்டுனா உள்ள இருக்கற கண்ணாடிப் பூச்சு தெறிச்சுப் போகும், கக்கூஸ் கழுவற ஆசிட் ஊத்துனா டேங்கும் சேந்து போகும்.

உப்பு படிஞ்சா கீசர் கரண்ட் அதிகமா இழுக்கும்னு ஒரு பேச்சு இருக்குது, அது சரியில்லீங்க. படிஞ்சாலும் படியாட்டியும் அதே 26 ஓம்ஸ், அதே 8.7 ஆம்பு. நேரம் ஏன் சாஸ்தி ஆகுதுன்னா தெர்மோஸ்டாட் குச்சி எலிமெண்டுக்குப் பக்கத்துலயே இருக்கும், ஓடு கட்டுன எலிமெண்ட் காயற சூட்டப் பாத்து தண்ணி சுட்டுருச்சுன்னு ஏமாந்து சீக்கிரமே கட் பண்ணிரும், சித்த ஆறுனதும் மறுபடி ஆன் ஆகும், இப்படியே நேரம் போகும். வோல்டேஜும் ஒரு காரணமா இருக்கலாம், உங்க பக்கம் தறியும் மோட்டாரும் ஒண்ணா ஓடற நேரத்துல ஊட்டு லைன்ல 180 வோல்ட் வந்தா 2000 வாட்ஸ் எலிமெண்ட் 1225 வாட்ஸ்தான் குடுக்கும். 25 டிகிரில இருக்கற 15 லிட்டர் தண்ணி 60 டிகிரி ஆக, நல்ல வோல்டேஜ்ல 18 நிமிசம் போதும், 180 வோல்ட்ல அரை மணி நேரம் ஆயிரும். இத எலிமெண்ட் கோளாறுன்னு மாத்திட்டு வந்தவங்க உண்டு.

குழாய்ல சுருக்கெல்லாம் இல்லாம கீசர் சும்மா சுடாம மட்டும் இருக்கற ஊட்டுக்காரங்க இதப் படிச்சா, எதையும் கழட்டாம ஒண்ணு பாக்கலாம். ஊட்டுல மத்ததெல்லாம் ஆஃப் பண்ணிட்டு கீசர மட்டும் போட்டு, ஈபி மீட்டர்ல மினுக்கற சின்ன சிவப்பு லைட்டப் பாருங்க. கீசர் போட்டதும் அது வேகமா மினுக்குனா எலிமெண்ட் கரண்ட் எடுக்குது, அப்ப கோளாறு கீசர்ல இல்ல, பச்சத்தண்ணியும் சுடுதண்ணியும் கலக்கற மிக்சர் குழாய் தேஞ்சு பச்சத்தண்ணி அக்கட்டால இருந்து இக்கட்ட வந்துட்டு இருக்கும், இல்லாட்டி இன்லெட் அவுட்லெட் பைப்ப மாத்தி மாட்டியிருப்பாங்க. மினுக்கறது மாறவே இல்லைன்னா கரண்ட் போகல. லைட்டும் எரியல மினுக்கும் இல்லைன்னா சாக்கெட் கருகியிருக்கும், ப்ளக் பின்னு கறுத்திருக்குதான்னு பாருங்க, இல்லாட்டி கட்அவுட், அதாவது சூடு அளவு மீறுனா கரண்ட நிறுத்தற சேப்டி சுவிட்ச், விழுந்திருக்கும். டேங்குல தண்ணி இல்லாம ஆன் பண்ணுனாலும் கட்அவுட் விழும், கரண்ட எடுத்துட்டு கவரக் கழட்டுனா சின்னதா ஒரு பட்டன் இருக்கும், ஒருக்கா அமுக்கலாம், மறுபடி விழுந்தா அமுக்கிட்டே இருக்காம ஆளக் கூப்புடுங்க.

தண்ணிக்கு வாரேன். நம்ம பக்கம் பாதி ஊட்டுல உப்புத்தண்ணிக்கு ஒரு டேங்கு, ஆத்துத்தண்ணிக்கு ஒரு டேங்குன்னு தனித்தனியா இருக்குது, ஆத்துத்தண்ணிய சமையலுக்கு வெச்சுட்டு கீசருக்கு உப்புத்தண்ணியக் குடுத்துருவாங்க. 15 லிட்டர் கீசர்தானுங்க, ஆத்துத்தண்ணில இருந்து ஒரு லைன் கீசருக்கு மட்டும் குடுக்க வழி இருந்தா குடுங்க, எந்தக் கம்பெனி எலிமெண்டும் பண்ணாத வேலைய அது பண்ணும். அது முடியாதுன்னா போர் தண்ணிய குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுத்து கடினத்தன்மை எவ்வளவுன்னு பாருங்க. குடிக்கற தண்ணிக்கு ஐஎஸ் 10500-ல லிட்டருக்கு 200 மில்லிகிராம்னு வெச்சிருக்காங்க, வேற தண்ணியே இல்லைன்னா 600 வரைக்கும். அதுக்கு மேல போச்சுன்னா வருசா வருசம் கழட்டிச் சுத்தம் பண்றதுதான் வழி. கையில வெச்சுப் பாக்கற டிடிஎஸ் குச்சிய நம்பாதீங்க, அது எல்லா உப்பையும் சேத்திக் காட்டும், சுண்ணாம்பு எவ்வளவுன்னு தனியாச் சொல்லாது. தெர்மோஸ்டாட்டையும் 75ல வெக்காம 55 பக்கத்துல வெச்சுக்கங்க, 60 தாண்டத் தாண்ட உப்பு வேகமாப் படியும்.

வேலை முடியற வரைக்கும் மாமனாருக்கு வெளிய தண்ணியடுப்புல தேங்காத்தொட்டியும் மட்டையும் போட்டுக் காய வெச்சுக் குடுங்க, தோட்டத்துல அதுக்கா பஞ்சம். பக்கெட்டுல போடற ராடு மட்டும் வேண்டவே வேண்டாம், எர்த்து இல்லாத ஊட்டுல அது இத உட மோசம்.

இன்ஸ்டன்ட் கீசர் கேட்டிருந்தீங்க. அதே போர் தண்ணி, அதே எலிமெண்ட், அதே உப்பு, எர்த்து இல்லாட்டி அதே ஷாக்கு. அதுல 3 லிட்டர்தான் நிக்கும், பெரும்பாலும் 3000 வாட்ஸ், 13 ஆம்பு எடுக்கும், உங்க தோட்டத்து வோல்டேஜ்ல அது வெதுவெதுன்னுதான் தண்ணி குடுக்கும், வயசானவரு மார்கழில பக்கெட் நெறையக் கேட்டா பத்தாது. இருக்கற 15 லிட்டரையே சரி பண்ணிக்கங்க. ஆளு வந்து பாத்ததும் ஓம்ஸ் ரீடிங், மெக்கர் ரீடிங், எர்த்து வயர் இருந்துச்சா இல்லையா, டேங்கு அடில கசிவு இருக்குதா, இந்த நாலையும் எழுதி அனுப்புங்க, மேக்கொண்டு சொல்றேனுங்க.